அவன் எந்தப் பக்கம் உட்காருகிறான்?

திருத்தணி
4-4-2004

அன்புள்ள பாவாவுக்கு,

இங்கே நானும் கடையும் சுகம். ஆர்.கே.பேட்டையில் அத்தையும் சுகம். போன வாரம் டவுன் பஸ்ஸில் வந்து இரண்டு கட்டு முருங்கைக்கீரை கொடுத்துவிட்டு, ஸ்டுடியோ ஃபேனுக்கு அடியில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். மஸ்கட் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஃபோட்டோ லேபில் நிற்கிற வேலையா, உட்கார்கிற வேலையா? போய் ஆறு வாரம் ஆகிறது, அதைக்கூட எழுதவில்லை நீங்கள்.

நம் சிஸ்டத்துக்குத்தான் உடம்பு சரியில்லை. நீங்கள் ப்ளேன் ஏறிய வாரத்திலிருந்து அதற்கு மறதி வந்துவிட்டது. மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, வருஷத்துக்கும் அத்தனை நாள், அதனால் நாளுக்கு ஒரு ஃபோல்டர், தேதிதான் அதற்குப் பெயர் என்று நீங்கள் போட்டுக் கொடுத்த முறையை நான் ஒரு நாள்கூடத் தப்பவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் படம் தெரியக் கூடாது, பெயரும் நேரமும் மட்டும் வரிவரியாக வரவேண்டும், அதுதான் வேகம் என்று சொன்னீர்களே. அப்படியேதான் வைக்கிறேன். மூடிவிட்டுத் திறந்தால் மறுபடியும் படம் படமாக வந்து நிற்கிறது. சில ஃபோல்டர் சொன்னபடி கேட்கிறது, சிலது கேட்பதில்லை. எது எப்போது மாறும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

நேற்று பள்ளிப்பட்டிலிருந்து மொட்டை போட வந்த குடும்பம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வாசலில் நிற்கிறது. நான் ஐம்பது மொட்டைத் தலைகளுக்கு நடுவில் அவர்கள் குழந்தையின் மொட்டையைத் தேடுகிறேன். எல்லாம் சந்தனம் பூசின தலை. பெற்ற தாயே வேறு பிள்ளையைக் காட்டி, "ஆங், இதாங்க நம்மளுது" என்றாள். பெரிய படமாகப் போட்டுக் காட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு அரக்கோணத்திலிருந்து வருகிற பாலசுப்பிரமணியன் என்பவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொறுமையான மனுஷன். "நீங்க எதையும் கெடுக்கலை மேடம், அதுவா மறக்குது. ஏன்னு பாத்து சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் மறுபடி வருகிறார்.

இந்தக் கடிதத்தை நானே கம்ப்யூட்டரில் அடித்தேன். முழுசாக ஒரு மத்தியானம் ஆயிற்று. நன்றாக இருக்கிறதா?

உங்கள்
கவிப்பிரியா

*

ரூவி, மஸ்கட்
17-4-2004

கவிக்கு,

நீ அடித்த கடிதம் வந்தது. தலையில் பிள்ளையார் சுழிகூட இல்லை. உன் கையெழுத்தைப் பார்க்கத்தான் இத்தனை நாளாகத் தபால்காரனை எதிர்பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்று வந்து சேர்ந்தது. ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். மற்றவர்களுக்கு வருகிற கடிதத்தில் எண்ணெய்க் கை பட்ட தடமாவது இருக்கிறது. அடிக்கும்போது பக்கத்தில் யார் இருந்தது? தமிழ் எழுத்து எந்தக் கீயில் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்லித்தரவில்லை. யார் காட்டிக் கொடுத்தது?

கம்ப்யூட்டர் தானாக எதையும் மாற்றாது. அது மெஷின். ஒரு கை மாற்றினால்தான் மாறும். நான் அங்கே இருந்த வரைக்கும் ஒரு ஃபோல்டராவது மாறியதுண்டா? நான் ப்ளேன் ஏறிய வாரத்திலிருந்து மாறுகிறது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். படித்துப் பார்.

அந்தப் பாலசுப்பிரமணியன் யார்? வயது என்ன? பொறுமையான மனுஷன் என்று எழுதுகிறாய். ஒருத்தன் பொறுமைசாலி என்று தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் அவன் கூட இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அவன் வந்தால் எந்தப் பக்கம் உட்காருகிறான்? உனக்கு வலது பக்கமா, இடது பக்கமா? வேறு எதை எழுதாவிட்டாலும் இதற்கு மட்டும் பதில் எழுது.

இப்போது நான் சொல்கிறபடி செய். நம் கல்யாண ஃபோல்டரைத் திறந்து, படம் தெரியாமல் பெயர் மட்டும் வருகிற மாதிரி வைத்துவிட்டு மூடு. யாரிடமும் சொல்லாதே. நீயும் தொடாதே. ஒரு வாரம் கழித்துத் திற. மாறியிருந்தால், உனக்குத் தெரியாமலோ தெரிந்தோ ஒரு கை அங்கே இருக்கிறது.

நான் சந்தேகப் பிராணி இல்லை கவி. இங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டு ஊரார் பெண்டாட்டிகளின் படத்தைப் பிரிண்ட் போடுகிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் யார் நின்றதால் சிரிக்கிறார்கள் என்றுதான் எனக்கு ஓடுகிறது.

சந்திரமோகன்

*

உ

திருத்தணி
2-5-2004

அன்புள்ள பாவாவுக்கு,

பிள்ளையார் சுழி போட்டாயிற்று. கையாலும் எழுதியாயிற்று. தோசைக்கு மாவு கரைத்த கையைத் துடைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன், தடம் வேண்டும் என்றீர்களே. எழுத்துகளை எனக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. எந்தக் கீ எந்த எழுத்து என்று நீங்கள்தான் காகிதத்தில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தே உங்களுக்கு மறந்துபோயிற்று.

பாலசுப்பிரமணியன் எந்தப் பக்கமும் உட்காரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே அமுக்குங்க மேடம், அப்பதான் பழகும்" என்கிறார். வயது கேட்கவில்லை. நாற்பது இருக்கும். வலதா இடதா என்று ஏன் கேட்டீர்கள் என்று நானும் இரண்டு நாள் யோசித்தேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன பாவா? வலது பக்கம் கிடந்த அந்தப் பச்சை ஸ்டூலில் இப்போது என் தண்ணீர்ச் சொம்புதான் உட்கார்ந்திருக்கிறது.

சொம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மேசையைத் துடைத்தபோது பார்த்தேன், இடது பக்கத்தில் மவுஸ் ஓடி ஓடி மைக்கா வெளுத்திருக்கிறது. நீங்களும் வலது கைக்காரர், நானும் வலது கைக்காரி. யார் ஓட்டியது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியும், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன். கல்யாண ஃபோல்டரை வரிவரியாக வைத்து மூடி, ஏழு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் திறந்தேன். மாறியிருந்தது. முதல் படமே நான் மணையில் உட்கார்ந்து தும்முகிற படம். மாறவில்லை என்று எழுதிவிட்டால் தொல்லை விட்டது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பொய் எழுத மனசு வரவில்லை. மாறியிருந்தது, ஆனால் யாரும் தொடவில்லை. இரண்டும் நிஜம்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வருகிற அன்றைக்குத் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டேன். என்னைத் திட்டாமல் ஒரு விஷயத்தைச் சொல்லித் தருகிற ஆள் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. நீங்கள் மவுஸைப் பிடுங்கிக்கொள்வீர்கள், "உனுக்கு இது வராது, தள்ளு" என்பீர்கள். எனக்கு வருகிறது பாவா. இப்போதெல்லாம் நன்றாகவே வருகிறது.

கவி

*

ரூவி
15-5-2004

கவிப்பிரியாவுக்கு,

ஃபோல்டர் மாறியிருந்தது. தலையை வாரிக்கொண்டாய். அவன் பின்னால் நிற்கிறான். இந்த மூன்றையும் ஒரே கடிதத்தில் படித்துவிட்டு நான் எப்படிச் சோறு தின்பது?

பக்கத்தில் உட்காருகிறவனாவது மானிட்டரைப் பார்ப்பான். பின்னால் நிற்கிறவன் பார்ப்பது கழுத்தை. உனக்குப் புரியாது.

இனி கடை வேண்டாம். பக்கத்து வீட்டுப் போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பூட்டோடு வருவார்கள். சிஸ்டத்துக்கு உறை போட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு, அவர்களோடு ஆர்.கே.பேட்டைக்குக் கிளம்பு. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வந்தால் வரட்டும். எனக்கு இங்கே காண்ட்ராக்ட் முடிய இன்னும் இருபத்தொரு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் கடை பூட்டியே கிடக்கட்டும். கடை என் பெயரில்தான் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

போவதற்கு முன்னால் 2003-ஆம் வருஷத்து ஃபோல்டர்களைக் கிண்டாதே. பழசு, தொட்டால் அழிந்துபோகும்.

சந்திரமோகன்

*

உ

திருத்தணி
1-6-2004

பாவாவுக்கு,

அத்தை வந்தார்கள். புதுப் பூட்டு, இரண்டு சாவி, இரண்டு நாளுக்குக் கட்டுச்சாதம். நீங்கள் அனுப்பிய போலீஸ் பச்சை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தது.

"பூட்டறது ஒரு பக்கம் இருக்கட்டும்டி. மொதல்ல அது எப்டி மாறுதுனு நான் பாக்கணும். என் புள்ள சொல்றான், யாரோ கை வெக்கறானாம்."

பாருங்கள் அத்தை என்று, அன்றைய ஃபோல்டரை அவர்கள் கண்ணெதிரே வரிவரியாக வைத்து மூடினேன். சாயங்காலம் வரை ஒருத்தரையும் அவர்கள் மேசைப் பக்கம் விடவில்லை. படம் வாங்க வந்த பெரியவரைக்கூட "தூர நில்லுயா" என்று அதட்டினார்கள். ஷட்டரை இறக்கி, புதுப் பூட்டைப் போட்டு, இரண்டு சாவியையும் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு என் கூடவே வீட்டுக்கு வந்தார்கள். காலையில் அவர்களே திறந்தார்கள். சிஸ்டத்தைப் போட்டேன். ஃபோல்டரைத் திறந்தேன். படம் படமாக வந்து நின்றது.

அத்தை எட்டிப் பார்த்தார்கள். சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"யாரும் தொடலைடி. சாவி என் இடுப்புலதான கீது. இது அதுவா மாறிக்கினு கெடக்குது. இதுக்குப் போயா அந்த எடத்துல உக்காந்துகினு கத்தறான்?"

பத்து மணிக்குப் பாலசுப்பிரமணியன் வந்தார். வழக்கம்போல நின்றார். அத்தை விடவில்லை. "ஏம்பா நின்னுகினே கீற? ஸ்டூல்ல உக்காரு" என்று எழுந்து இடம் விட்டார்கள். அவர் முகம் சிவந்துபோயிற்று. "இல்லமா, எனக்கு மூலம். உக்கார முடியாது" என்றார். பாவா, நீங்கள் இருபது நாளாகச் சோறு தின்னாமல் கிடந்தது இதற்குத்தான்.

மறதிக்குக் காரணத்தையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். இந்தச் சிஸ்டம் நானூறு ஃபோல்டர் வரைக்கும்தான் எதை எப்படி வைத்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றாக மறந்துவிடுமாம். "நாளுக்கு ஒண்ணுனு யாரு மேடம் போட்டது? ஊர்ல ஒருத்தரும் இப்டி வெச்சிக்கறதில்லையே" என்று கேட்டார். சிஸ்டம் வாங்கியது போன வருஷம் பொங்கலுக்கு. நாளுக்கு ஒன்று என்றால் நானூறு எப்போது நிறையும்? நீங்கள் ப்ளேன் ஏறிய வாரம். அங்கே இருந்த கை உங்கள் கைதான். மலைப்படியை எண்ணி நீங்களே வைத்த மறதி இது.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் சிரித்துக்கொண்டே முடித்திருப்பேன்.

"பழசையும் மறந்திருக்கும், 2003-ஐத் தெறங்க பாக்கலாம்" என்றார் அவர். திறந்தேன். ஒவ்வொரு தேதியின் மேலும் நாலு நாலு குட்டிப் படமாக வந்தது. மொட்டை, காவடி, காதுகுத்து. பிப்ரவரி, மார்ச்சுக்கு வந்ததும் ஒரே முகம். மஞ்சள் தாவணி. மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருக்கிறாள். நம் மேசையில், நான் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்க்கிறாள். பதினோரு நாள். நூற்று நாற்பது படம்.

அத்தை பார்த்துவிட்டு, "வெயில் ஏறுது, நான் பஸ்ஸு புடிக்கணும்" என்றார்கள். இரண்டாம் நாள் கட்டுச்சாதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. பூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

படம் தெரியக் கூடாது, பெயர் மட்டும் வரவேண்டும், அதுதான் வேகம். அப்படித்தானே?

நம் கல்யாண ஃபோல்டரில் நீங்கள் உங்கள் கையால் என்னை எடுத்த படம் எத்தனை என்று எண்ணினேன். ஏழு. அதில் ஒன்று தும்மல்.

எனக்கு வயிறு எரிகிறது. நாகரிகமாக எழுத வரவில்லை. யார் அவள்? கடையை நான் பூட்ட மாட்டேன்.

கவிப்பிரியா

*

ரூவி
14-6-2004

கவிக்கு,

கிண்டாதே என்று எழுதினேன். கேட்கவில்லை நீ.

எல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய கதை. அவள் பெயர் சாய்லக்ஷ்மி. நகரிப் பெண், தெலுங்குக் குடும்பம். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் நம் கடைக்கு வந்தாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கேட்டுவிட்டாய், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அவள்மேல் பிரியம் இருந்தது. அவளுக்கும் இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அதெல்லாம் தெரியும். அதிகம் பேசமாட்டாள், தலையைக் குனிந்துகொள்வாள். இடது கைக்காரி. மவுஸை இடது பக்கம் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாள். அவளுக்காக மவுஸின் பட்டனை செட்டிங்கில் மாற்றி வைப்பேன், அவள் போனதும் திரும்ப மாற்றுவேன். தினம் தினம், ஒரு நாளும் மறந்ததில்லை. பிறகு திடீரென்று வருவது நின்றுவிட்டது. வீட்டில் தெரிந்து நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டேன். தமிழ்க்காரங்களுக்குத் தரமாட்டோம் என்றார்களாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் உன்னைக் கட்டினேன்.

பாலசுப்பிரமணியன் விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். ஆனால் நீயே யோசித்துப் பார். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்ததால்தானே பயந்தேன்? தெரியாதவன் ஏன் பயப்படப் போகிறான்?

அந்தப் பதினோரு ஃபோல்டரையும் அழித்துவிடு. அழித்துவிட்டேன் என்று எழுது. கடை திறந்தே இருக்கட்டும்.

சந்திரமோகன்

*

ரூவி
8-7-2004

கவி,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அழித்தாயா, இல்லையா? அம்மாவுக்குப் போன் போட்டால், "எனுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று வைத்துவிடுகிறார்கள். இப்போது யாரோடு பேசுகிறாய், யாரோடு சிரிக்கிறாய் என்று தெரியாமல் இங்கே பைத்தியம் பிடிக்கிறது. திட்டியாவது எழுது.

சந்திரமோகன்

*

உ

திருத்தணி
20-7-2004

பாவாவுக்கு,

எழுதாததற்குக் காரணம் பொறாமை. அவளுக்காகத் தினம் பட்டனை மாற்றினாராம், ஒரு நாளும் மறந்ததில்லையாம் என்று அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. எனக்கு மவுஸைத் தொடவே விடாத மனுஷன் நீங்கள். அவள் படத்தை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கேயாவது பல் எத்தியிருக்காதா, கண் மாறியிருக்காதா என்று தேடினேன். எதுவும் இல்லை, லட்சணமாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது கெட்டது நடந்திருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். சரவணப் பொய்கைப் பக்கம் கடை வைத்துக்கொண்டு ஒரு பெண் நினைக்கிற நினைப்பா அது?

போன கிருத்திகை அன்று காலையில் ஷட்டரைத் தூக்கினேன். வாசலில் நிற்கிறாள். தோளில் ஐந்து மாதக் குழந்தை, சந்தனம் காயாத மொட்டை. புருஷன் செருப்பு விட்ட இடத்தைத் தேடிப் போயிருந்தார். எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரியாது.

உள்ளே எட்டிப் பார்த்து, "அவரு இல்லீங்களா?" என்றாள். மஸ்கட்டில் இருக்கிறார், நான் அவர் வீட்டுக்காரி என்றேன். அவள் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் உள்ளே வந்தாள்.

குழந்தையை எடுத்தேன். நாலு படம் எடுத்தேன், நாலும் நன்றாக வந்தது. எனக்கே ஆத்திரமாக இருந்தது. எது வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அந்த நாற்காலியில் அவள் எப்படி உட்காருகிறாள், நூற்று நாற்பது படம் எடுக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

உட்கார்ந்ததும் அவள் முதலில் செய்தது, மவுஸைத் தூக்கி இடது பக்கம் வைத்ததுதான். ஒயரைச் சுற்றி இழுத்து, வெளுத்த அந்த மைக்காவின் மேலேயே வைத்தாள். வைத்த பிறகு தானே சிரித்துக்கொண்டாள்.

"பழக்க தோஷங்க. இங்க கத்துக்கினு இருந்தப்போ அவரு அந்தாண்ட, சோத்துக்கை பக்கம், ஸ்டூல் போட்டுக்கினு உக்காருவாரு. கை மேல கை வெச்சி சொல்லிக்குடுப்பாரு. அதான் நான் மவுஸை இந்தாண்ட மாத்திக்கினேன். ரெண்டு மாசம் அப்டியே ஓட்டினேன். அப்பறம் ஸ்டூலும் இந்தாண்ட வந்துச்சி, நான் வர்றதையே நிறுத்திட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னிடம் புகார் சொல்கிற மாதிரி இல்லை. பச்சை ஸ்டூலை மட்டும் ஒரு தடவை பார்த்தாள்.

படம் நாளைக்குத்தான் கிடைக்கும், முகவரி எழுதுங்கள், தபாலில் அனுப்புகிறேன் என்று நோட்டைக் கொடுத்தேன். எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். வலது கையால்.

பாவா, அவள் இடது கைக்காரி இல்லை.

ஒரு மாதமாக நான் அவளைப் பார்த்து வயிறெரிந்தேன். அவள் அன்றைக்குப் போன பிறகு எனக்கு வந்த எரிச்சலுக்குப் பெயர் வேறு. வலதா இடதா என்று நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. உலகத்தில் எல்லா ஆம்பிளையும் உங்கள் ஸ்டூலில்தான் உட்காருகிறான் என்று நினைத்துவிட்டீர்கள்.

கவிப்பிரியா

*

ரூவி
3-8-2004

கவிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அவள் இடது கைக்காரி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சத்தியமாக. அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் பட்டனை மாற்றி வைத்தேன். வலது பக்கம் உட்கார்ந்தால் எட்டவில்லை என்றுதான் ஸ்டூலை இடது பக்கம் போட்டேன். அது எனக்கு ஆசையாகவே பட்டது. பெண் கேட்டு அம்மா போனபோது அவர்கள் வேறு ஏதோகூடச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. அம்மா என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றைக்கு லேபில் வேலை ஓடவில்லை. தலை குனிந்த படம் எது வந்தாலும் பிரிண்ட் போடக் கை வரவில்லை.

கடையைப் பூட்டு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. படங்களை என்ன செய்தாய் என்று கேட்கவும் வாய் இல்லை. அவள் புருஷனிடம் சொல்லியிருப்பாளா? நீ அவளிடம் ஏதாவது சொன்னாயா? என்மேல் வெறுப்பாகிவிட்டதா? 2006 மாசியில் வருகிறேன். வந்து உன் பக்கத்தில் எந்த மூஞ்சியோடு உட்காருவது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் உட்காரலாம் என்று நீயே சொல்லிவிடு.

சந்திரமோகன்

*

உ

திருத்தணி
18-8-2004

பாவாவுக்கு,

ஆடிக் கிருத்திகை முடிந்து இன்றைக்குத்தான் முதுகு நிமிர்ந்தது. மூன்று நாளில் அறுநூறு காவடி எடுத்தேன். அத்தை ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து வாசலில் கூட்டத்தை வரிசையில் நிறுத்தினார்கள். கடை பூட்டுகிற பேச்சை இனி யாரும் எடுக்கப் போவதில்லை.

நகரியில் என்னதான் சொன்னார்கள் என்று அத்தையை நானே கேட்டேன். "உம் புள்ளையாண்ட சொல்லு, எங்க பொண்ணு கையி வெளயாட்டு சாமான் இல்லனு சொன்னாங்கடி. அத எப்டி அவனாண்ட சொல்றது?" என்றார்கள். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பதினோரு நாள் ஃபோல்டரிலும் அவள் படங்களை மட்டும் அழித்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. அவளைக் கேட்காமல் எடுத்த படம் என் கடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் படத்தைப் பெரிதாகப் போட்டு நகரிக்கு அனுப்பியிருக்கிறேன். அவளிடம் வேறொன்றும் சொல்லவில்லை. அவள் புருஷனிடம் சொல்வாளா மாட்டாளா என்பது அவள் பாடு. உங்களைக் காப்பாற்றிக் கொடுக்க என்னால் ஆகாது.

வெறுப்பா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. அதோடு, இன்றைக்கும் தபால்காரர் மணி அடித்தால் வாசலுக்கு ஓடத்தான் செய்கிறேன். இரண்டும் நிஜம்.

பாலசுப்பிரமணியன் வந்து மறதியைச் சரிசெய்துவிட்டார். நானூறு என்று இருந்த இடத்தில் வேறு எண்ணைப் போட்டால் போதுமாம். "எவ்ளோ போடட்டும் மேடம்? எட்டாயிரம் வரைக்கும் போகும்" என்றார். எட்டாயிரமே போடச் சொன்னேன். நாளுக்கு ஒன்று என்றால் இருபது வருஷத்துக்கு மேல் வரும். அதுவரைக்கும் எதை எப்படி வைத்தேனோ அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் படம் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். உங்கள் வரிவரி ஒன்றுகூட இல்லை. தேடுவதற்கு இதுதான் வேகம்.

எந்தப் பக்கம் உட்காரலாம் என்று கேட்டீர்களே. பச்சை ஸ்டூலைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டேன். நீங்கள் வரும்போது சிஸ்டத்தில் உங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கும், சொல்லித் தருகிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கவிப்பிரியா